கொழுத்த டயர் ஆசையா? பின் சக்கரம் நேரா நிக்குதான்னு முதல்ல பாருங்க!

சமயநல்லூரைத் தொட்டுப் போகும் மதுரை - திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கொடைக்கானல் பக்கம் கிளம்பும் புல்லட்களில் ஒன்றிரண்டின் பின் டயர் மட்டும் கார் டயர் போல உப்பியிருக்கும். பார்க்க கெத்துதான். ஆனால், அந்தச் சக்கரம் முன் சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. கிளாசிக் 350-ல் கம்பெனி தரும் பின் டயரின் அகலம் 120 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 150 மி.மீ டயர் போட்டால், இரண்டு பக்கமும் 15 மி.மீ கூடுகிறது. ஒரு பக்கம் செயின் ஓடுகிறது. அங்கே அவ்வளவு இடம் கிடையாது. டயர் செயினில் உரசும்.

அப்போது பட்டறையில் கைகொடுப்பவை இரண்டு குறுக்கு வழிகள். ஒன்று, ஸ்பேசர் மாற்றியோ, ஸ்போக்ஸை இழுத்துக் கட்டியோ சக்கரத்தையே மறுபக்கம் தள்ளுவது. இதுதான் ஆஃப்செட். இரண்டாவது, பின் ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளுவது. அப்படித் தள்ளினால் முன் ஸ்ப்ராக்கெட்டும் அதே அளவு வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் செயின் சாய்ந்து ஓடும். வந்தாலும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் சுமை கூடும்.

ஆஃப்செட் வேறு, கோணல் வேறு

சக்கரம் சில மி.மீ தள்ளியிருந்தும் முன் சக்கரத்துக்கு இணையாக ஓடினால், அது ஆஃப்செட். சில கம்பெனி வண்டிகளே அப்படி டிசைன் ஆவதுண்டு. ஆனால், நாமாகத் தள்ளும்போது தள்ளும் அளவு கூடக் கூட, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆக்சில் ஒரு முனையில் முன்னும் மறுமுனையில் பின்னுமாக இருந்தால், அது கோணல். இது ஸ்டாக் வண்டியிலும் வரும். செயின் டைட் செய்யும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகாவிட்டால் போதும். ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் உஷாராகுங்கள். தேய்ந்த செயின் வேகத்தில் அறுந்து சிக்கினால், பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

1. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளக்கவும். அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம்.

2. நீளமான நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரண்டு பக்கமும் முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துக் கட்டவும். ஸ்டாண்டில் இடிக்காத உயரம் முக்கியம். பின் டயரின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் நூல் லேசாகத் தொட வேண்டும்.

3. ஹேண்டில்பாரை நேராக வைத்து, முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்கவும். முன் டயர் ஒல்லி என்பதால் இடைவெளி இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சரி.

முதல் அளவு சரியாக இருந்தும் மூன்றாவது அளவில் வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் ஆஃப்செட்தான். ரிம் கோட்டமா, ஸ்பேசர் தவறா, ஃபிரேம் வளைவா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சட்டமும் இருக்கு பாஸ்!

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிமீறிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஸ்விங் ஆர்மை வெட்டி அகலப்படுத்தும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் தம்பி 'டயர் மாத்தணும்' என்று அடம்பிடித்தால், திட்டாதீர்கள். கையில் ஒரு நூல்கண்டையும் டேப்பையும் கொடுத்து, இப்போதிருக்கும் சக்கரத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள்.