கதவைத் திறந்தால் போதுமா?

தொழிற்கல்வி பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகையை 2010-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு 2022-ல் மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. வரவேற்கிறோம்! ஆனால் கதவைத் திறந்ததோடு கடமை தீர்ந்ததா?

தமிழில் படித்த பிள்ளைக்கு உள்ளே முதல் நாளே இங்கிலீஷில் பாடம். வக்கீல் மகனுக்கு வழி சொல்ல அப்பா இருக்கிறார். பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவரின் மகனுக்கு யார் சொல்வது? இரண்டு பாடத்தில் தவறியதும், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்கிறார்கள். பொய்! கைதூக்கிவிடாத கல்லூரியே குற்றவாளி!

மூத்த மாணவர் துணை, மாலைநேரப் பாட உதவி, விடுதியில் இடம், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் சங்கம் – இவை தர்மமல்ல, உரிமை! தோழர்களே, நாற்று நட்டவன் தண்ணீர் பாய்ச்சாமல் இருப்பானா? பிள்ளையைச் சேர்த்ததோடு நில்லாதீர்கள். சங்கமாகத் திரண்டு சென்று கேளுங்கள்!