யாருக்குப் பேர் போடுவது?

1960-ஆம் ஆண்டுகளில் விளங்கிய ராக், ஸோல் இசைவாணர்களுள் மேடையில் தலைசிறந்தவர் யாவர் என்று எவரேனும் வினவினால், கேட்ட மாத்திரத்தில் "பீட்டில்ஸ்" என்று விடையிறுத்துவிட்டு, மேற்கொண்டு ஆராயாது நகர்ந்துவிடும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஆங்கிலம் கற்றோரிடத்து இவ்வழக்கம் பின்னும் மிகுதி. பிறரைக் குறை கூறுமுன் என்னைக் குறை கூறிக்கொள்வதே நேர்மை. நானும் ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவனே. இசை வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த பாட்டுக்கள் லிவர்பூல் நகரத்து நால்வரின் பாட்டுக்களே. பாட்டிலே முதல்வர் என்றால் மேடையிலும் முதல்வராகத்தானே இருப்பர் என்று முப்பது வயது வரை நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை பிழை என்பதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் தொழில் தோட்டத்துக் கிராணித் தொழில். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வந்தவர் பெயரைச் செக்ரோலிற் பதிவதும், மாத முடிவில் அவரவர் உழைப்புக்கேற்ற கூலியைக் கணக்கிடுவதும் என் வேலை. அத்தொழில் எனக்குக் கற்பித்த நீதி ஒன்றே: வேலை செய்தவன் ஒருவன், பேர் வாங்குபவன் இன்னொருவன் என்று ஆகலாகாது. மேற்சொன்ன வினாவையும் அந்நீதி கொண்டே அளக்கப் புகுகின்றேன்.

முதற்கண் வினாவைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிறந்த பாட்டுக்களை இயற்றியவர் யார் என்பது வேறு. சிறந்த இசைத்தட்டுக்களை வெளியிட்டவர் யார் என்பது வேறு. நாம் கேட்பது மேடையைப் பற்றி. தட்டிலே பிழை நேர்ந்தால் திருத்தலாம், ஒருமுறைக்குப் பத்துமுறை பாடிச் சேர்க்கலாம். மேடையிலோ வாயினின்றும் போந்த சுரம் போந்ததுதான். ஆங்கே பாடுவோரும் வாசிப்போரும் ஒருவரையொருவர் கேட்டு, சபையாரையும் கேட்டு, அந்தக் கணத்திலேயே கலையை ஆக்குதல் வேண்டும்.

இவ்வளவுகோலைப் பீட்டில்ஸ் நால்வருக்கு வைத்துப் பார்ப்போம். 1965 ஆகஸ்ட் 15-இல் நியூயார்க் நகரத்து ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அவர்கள் பாடினர். கச்சேரி நடந்தது ஏறத்தாழ அரைமணி நேரம். சபையாரின் கூச்சலில் தங்கள் வாத்தியம் தங்களுக்கே கேட்கவில்லை. அந்நிகழ்ச்சியைப் படமாக்கியபோது, ஒலி குறைவுபட்டிருந்தமையால், 1966 ஜனவரியில் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில பகுதிகளை மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்த்தனர். 1966 ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் பாடியதோடு ஊர் ஊராகச் சென்று பாடுவதையே விட்டொழித்தனர். அவர்களை வானளாவப் புகழச் செய்த பிற்காலத் தட்டுக்கள் பலவும் மேடையைத் துறந்தபின் கூடத்தினுள் விளைந்தவை.

இது அவர்கள்மேற் சுமத்தும் பழியன்று. புகழ் பெறுமுன் ஹாம்பர்க் நகரத்துக் கேளிக்கை விடுதிகளில் இரவெல்லாம் வாசித்துத் தேர்ந்த உழைப்பாளிகளே அவர்கள். 1964 செப்டம்பரில் பிளாரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், கறுப்பினத்தாரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைப்பதாயின் பாடமாட்டோம் என்று மறுத்த மானமுள்ளவர்கள். இவற்றையெல்லாம் மனமுவந்து ஒப்புகின்றேன். ஆயினும், தாமே விட்டு விலகிய மேடைக்கு அவர்களையே அரசராக்குவது, வேலைக்கு வாராத நாளுக்கும் பேர் போடுவதை ஒக்கும்.

அப்படியாயின் வேலைக்கு வந்தவர் யார்? அதே ஆண்டுகளில் ஹார்லமில் அப்பலோ, வாஷிங்டனில் ஹோவர்டு, சிகாகோவில் ரீகல் எனக் கறுப்பின மக்கள் கூடும் அரங்குகள் பல இருந்தன. ஒரே நாளில் பல காட்சிகள் பாடவேண்டும். அப்பலோ சபையார் இரக்கமற்றவர்கள். பிடிக்கவில்லையெனில் கூவியே விரட்டிவிடுவர். அந்தச் சூளையில் வெந்தவர்களே ஸோல் இசைவாணர்கள்.

1962 அக்டோபர் 24-இல் ஜேம்ஸ் பிரவுன் அப்பலோவில் தாம் நடத்திய கச்சேரியைத் தட்டாக்க விரும்பினார். முன்பே வெளிவந்த பாட்டுக்களை மறுபடி எவர் வாங்குவர் என்று எண்ணிய கம்பெனி முதலாளி பணம் தர மறுத்தார். பிரவுன் தம் கைப்பொருள் 5,700 அமெரிக்க வெள்ளியைச் செலவிட்டு அதனைப் பதிவு செய்வித்தார். 1963-இல் வெளிவந்த அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் நிலைத்தது. அதைக் கேட்பவர் அறிவர்: ஒரே பாட்டைப் பத்து நிமிடத்துக்கும் மேலாக விரித்து, சபையாரின் ஒவ்வொரு கூவலுக்கும் அவர் விடையிறுக்கிறார், பின்னே வாத்தியக்காரர் மூச்சையடக்கிக் காத்திருக்கின்றனர். சபையார் கூச்சல் ஷே அரங்கில் இசையை விழுங்கிற்று. அப்பலோவிலோ இசையின் ஓர் உறுப்பாயிற்று. வேறுபாடு இதுதான்.

1964 அக்டோபரில் சாண்டா மோனிகாவில் பல குழுக்களைக் கூட்டிப் படமெடுத்தனர். முடிவிற் பாடும் பெருமை ரோலிங் ஸ்டோன்ஸுக்கு அளிக்கப்பட்டது. அவர்களுக்கு முன்னே பிரவுன். மழை பெய்து பால்வெட்டு நின்றதொரு நாளில் அப்படத்தை ஆபீஸிலிருந்து கைபேசியிற் கண்டேன். நான்கே பாட்டு. முழந்தாளிட்டு வீழ்கிறார், தோளிற் போர்வை போர்த்தி அழைத்துச் செல்கின்றனர், உதறியெறிந்து ஒலிவாங்கிக்கே மீள்கிறார், மீண்டும் வீழ்கிறார். அவர் அகன்றபின் வந்த இளைஞர்கள் நன்றாகவே பாடினர். ஆனால் சூரியன் மறைந்தபின் ஏற்றிய விளக்காகவே எனக்குத் தோன்றினர். என் பழைய நம்பிக்கை அன்றே கலைந்தது.

இனி ஓட்டிஸ் ரெடிங். 1967 ஜூன் 17 இரவு மாண்டரே விழாவில், தம்மை முன்பின் அதிகம் கேட்டறியாத வெள்ளை இளைஞர் கூட்டத்தின் முன் ஐந்தே பாட்டுப் பாடி அவர்களைத் தம்வசமாக்கினார். அவற்றுள் ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டு. ஆகவே கொடுக்கல் வாங்கல் இருபுறமும் இருந்ததென்பதை மறைக்கமாட்டேன். அவருக்கு வாசித்த மெம்பிஸ் நகரத்து நால்வருள் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். ஆறு மாதங்கூட நிறையவில்லை. டிசம்பர் 10-இல் விமான விபத்தில் மாண்டார். வயது 26.

மேடையால் ஊருக்கு ஆவதென்ன என்று கேட்போரும் உளர். 1968 ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நகரங்கள் பற்றியெரிந்தன. மறுநாள் பாஸ்டன் நகரில் பிரவுன் கச்சேரி. மக்கள் வீட்டிலிருந்தே காணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினர். இளைஞர் சிலர் மேடையேற, போலீஸார் அவர்களைத் தள்ளினர். பிரவுன் போலீஸாரை விலகச் சொல்லித் தாமே பேசி அவ்விளைஞரை இறக்கினார். அன்றிரவு பாஸ்டன் பெரும்பாலும் அமைதியாயிருந்தது.

"இவையெல்லாம் ருசி பேதம், எனக்குப் பீட்டில்ஸே பிடிக்கும்" என்பாருக்கு என் மறுமொழி: பிடிப்பதைப் பற்றி வழக்கில்லை, மேம்பாடு பற்றியதே வழக்கு. "ஹென்றிக்ஸ் ராக் மேடையின் சிங்கமன்றோ?" என்பர். ஆம், ஐயமில்லை. ஆனால் அவர் பயின்ற பள்ளி எது? ஐஸ்லி சகோதரர், லிட்டில் ரிச்சர்டு முதலியோர் குழுக்களில் பின்னணி வாசித்தல்லவா தேர்ந்தார்? 1969-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட உட்ஸ்டாக் விழாவில் நள்ளிரவு கடந்து கூட்டத்தை எழுப்பிய ஸ்லை ஸ்டோன் குழுவும் ஸோல் மரபின் கிளையே.

பின் ஏன் பட்டியல்கள் பிறழ்ந்தன? செக்ரோலே பிறழ்ந்தது என்பதுதான் காரணம். 1963 ஜனவரியில் மியாமி நகரத்துக் கறுப்பினத்தார் விடுதியொன்றில் ஸாம் குக் பாடியதைப் பதிவு செய்தனர். அவர் குரல் அங்கே கரடுமுரடாய் இருக்கிறதென்று கருதிய கம்பெனி அதைப் பூட்டி வைத்தது, 1985-இல்தான் வெளியிட்டது. அவரோ 1964-லேயே கொல்லப்பட்டார். பதிவான கச்சேரிக்கே 22 ஆண்டு சிறையெனில், பதிவாகாது காற்றிற் கரைந்தவை எத்தனை! எழுதப்பட்டவர் பெயரை மட்டும் எண்ணிவிட்டு, இவரே வேலை செய்தவர் என்று தீர்ப்பளிப்பது எவ்வாறு முறையாகும்?

இன்னொன்றையும் சொல்லாது விடின் என் கணக்கும் பொய்க்கணக்காகும். சுரம் தவறினாலும், காலணி பளபளக்காவிடினும் பிரவுன் தம் வாத்தியக்காரருக்கு அபராதம் விதித்தார். 1970-இல் அவர்களிற் பெரும்பாலோர் அவரைவிட்டு நீங்கினர். அவர் குழுவின் முழவுக்காரர் கிளைட் ஸ்டபிள்பீல்டு 1969-இல் ஒரு பாட்டுக்கு வாசித்த தாளம், பிற்காலத்தார் எண்ணிறந்த தட்டுக்களில் எடுத்தாண்ட தாளம். ஆனால் இயற்றியவர் என்ற பேர் அவருக்குப் போடப்படவில்லை. அபராதத்தால் விளைந்த ஒழுங்கை மெச்சுவேன், அபராதத்தை மெச்சேன். மேடையின் மகுடம் பிரவுனுக்குரியதாயின், அதில் அந்த வாத்தியக்காரருக்கும் பங்குண்டு.

ஆகவே என் முடிவு இது: முதற்பேர் ஜேம்ஸ் பிரவுனுக்கும் அவர் குழுவினர்க்கும், அடுத்து ரெடிங், அவரோடு குக், ஹென்றிக்ஸ், ஸ்லை ஸ்டோன். பீட்டில்ஸ் நால்வர்க்குப் பாட்டியற்றும் பட்டியலில் முதலிடம் தாராளமாய்த் தருக, யான் தடுக்கேன். அன்பர்கள் அப்பலோத் தட்டை ஒருமுறை, ஒரேயொருமுறை, முழுதும் கேட்டுவிட்டு மறுப்பெழுத வருவார்களாக. என் செக்ரோலைத் திருத்த மையுடன் காத்திருக்கின்றேன்.