டர்போ காரா? அணைக்கும் முன் ஒரு நிமிடம்!

திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோவை விமான நிலையத்துக்கு அவசரப் பயணம். பைபாஸில் ஒரே விரட்டு. போய் நிறுத்திய அடுத்த நொடியே இன்ஜின் ஆஃப். உங்களுடையது டர்போ கார் என்றால், இந்தப் பழக்கம் பெரிய செலவு வைக்கும்.

இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றும் சின்ன விசிறிதான் டர்போ. இது கூடுதல் காற்றை உள்ளே அழுத்துவதால்தான், 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் இன்ஜின்கூட 120 பி.எஸ். சக்தி தந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். சூட்டோடு அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். புதிய கார்களில் டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. ஆனாலும் விரட்டி ஓட்டிய பிறகு ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள்.

ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். மேனுவல் சொல்லும் கிரேடு மட்டுமே. பனியன் கம்பெனி வாசலில் தினமும் நிற்கும் காரா? பஞ்சுத்தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும். சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் திறந்து பாருங்கள்.

'ரீமேப் பண்ணினா பறக்கும்' என்பார்கள். பறக்கும்தான்! கூடவே வாரன்டியும் பறக்கலாம். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய சக்திக்கு அளந்து செய்தவை. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வேக ஆசைக்குச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே இருக்கிறதே!

புதிதாக விசில் சத்தம், நீலப் புகை, இழுவைக் குறைவு... எது தெரிந்தாலும் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.