ஒட்டுத் துணியில் என்ன அவமானம்?

நம் மஹல்லாக்களில் புதியதொரு வெட்கம் குடியேறியிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை தெருவில் விளையாடும்போது அணியும் கால்சட்டையின் முழங்காலில் ஓர் ஒட்டுத் துணி தைத்திருந்தால், பார்ப்பவர் முகம் சுளிக்கிறார். "வாப்பா சவூதியிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறார், பிள்ளைக்கு ஒட்டுப் போட்ட உடுப்பா?" என்று கேட்கவும் செய்கிறார். கேட்ட மறுநாள் அந்த உடுப்பு குப்பைக்குப் போகிறது. அல்லது ஒரு பையில் திணிக்கப்பட்டு, ஸதகா என்ற பெயரில் மதரஸா வாசலுக்கு வருகிறது. இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலில் அந்த உடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம். பிள்ளையின் துணி எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. மண்டியிட்டுக் கோலி ஆடுவதால் முழங்கால் தேய்கிறது. மதில் சுவரில் சறுக்கி இறங்குவதால் பின்பக்கம் தேய்கிறது. இடுப்பு இலாஸ்டிக் தளர்கிறது, பொத்தான் அறுகிறது. மற்ற இடமெல்லாம் துணி நன்றாகவே இருக்கிறது. கிழிசலைவிட நாற்புறமும் இரண்டு விரல் அகலம் கூடுதலான துண்டொன்றை வெட்டி, அதன் மூலைகளை வளைவாக்கி, உட்புறமாக வைத்துத் தைத்தால் அந்தக் கால்சட்டை இன்னும் ஆறு மாதம் உழைக்கும். தளர்ந்த இலாஸ்டிக்கை உருவிவிட்டுப் புதியதை ஊக்கில் கோத்து நுழைக்கப் பத்து நிமிடம் போதும். நம் உம்மம்மாமார் பாவாடையின் ஓரத்தை இரண்டு மடிப்பு விட்டுத் தைத்தார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டார்கள். பெருநாள் துணி அடுத்த ஆண்டு ஜும்ஆத் துணியாகும். பிறகு ஓதப் போகும் துணி, அதன்பின் விளையாட்டுத் துணி, கடைசியில் அடுப்படியில் பிடிதுணி. பழைய கைலி தூளியாகத் தொங்கியது. இதையெல்லாம் வறுமை என்று இன்று சொல்கிறோம். அதற்கு நேர்த்தி என்று பெயர்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள் என்று விடையளித்தார்கள். இது புகாரியில் உள்ளது. முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பு இன்னும் விவரமாக, தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் அவர்களின் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருக்கக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியது முவத்தாவில் பதிவாகியுள்ளது. பாரசீகமும் ஷாமும் பணிந்துகொண்டிருந்த காலம் அது.

ஒட்டுப் போடும்வரை எந்த ஆடையையும் பழையதென்று ஒதுக்காதீர் என்று அன்னை ஆயிஷாவுக்கு உபதேசித்ததாக ஒரு செய்தி பயான்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதை நாம் இங்கே ஆதாரமாக்கவில்லை. அதைப் பதிவு செய்த இமாம் திர்மிதியே, ஸாலிஹ் பின் ஹஸ்ஸான் என்ற ஒருவர் வழியாக மட்டுமே அது வருவதையும், அவரைப் பற்றி இமாம் புகாரி குறை கூறியிருப்பதையும் அங்கேயே எழுதிவிட்டார். வலுவான செய்தி கையிலிருக்கும்போது பலவீனமானதைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கத்தை நாம் விட்டால் நல்லது.

ஊசி பிடிப்பது உம்மாவின் வேலை என்று சாய்ந்து அமர்ந்திருக்கும் வாப்பாமார் மேற்சொன்ன அறிவிப்பை மறுமுறை வாசிக்கட்டும். தாடியில் சுன்னத்தைத் தேடுவோர் ஊசியிலும் தேடலாம். எம் விடுதி மாணவர்கள் தம் ஜிப்பாவின் பொத்தானைத் தாமே தைக்கிறார்கள். அதனால் எவருடைய ஆண்மையும் குறைந்துவிடவில்லை.

குழந்தையின் உடுப்பைப் பற்றியே ஒரு ஹதீஸ் உண்டு. உம்மு காலித் (ரலி) அபிசீனியாவிலிருந்து திரும்பிய குடும்பத்துச் சிறுமி. நபியவர்களிடம் ஆடைகள் சில வந்தன. அவற்றுள் சிறியதொரு கறுப்பு ஆடை இருந்தது. அச்சிறுமியை அழைத்துவரச் செய்து தம் கையாலேயே அதை அணிவித்தார்கள். அதன் வேலைப்பாட்டைக் காட்டி, அவளுக்குப் பழக்கமான அபிசீனிய மொழியிலேயே 'அழகு' என்றார்கள். பிறகு, இதை நைந்துபோகும்வரை அணிவாயாக, பழையதாக்குவாயாக என்ற பொருளில் துஆச் செய்தார்கள். இன்னொரு அறிவிப்பில் அச்சிறுமி நபியவர்களின் முதுகிலிருந்த நுபுவ்வத் முத்திரையைத் தொட்டு விளையாடுகிறாள், தந்தை அதட்டுகிறார், அவளை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் நபியவர்கள்.

அந்த துஆவை நன்றாகக் கவனிக்க வேண்டும். துணி நையட்டும் என்பது, நையும்வரை நீ உயிரோடும் நலத்தோடும் இரு என்ற வாழ்த்து. பிள்ளையின் உடுப்பு தேய்வது நிஃமத்தின் அடையாளம். புகாரியின் பிரதியொன்றில் இந்தச் சொல் 'காஃப்' எழுத்துக்குப் பதிலாக 'ஃபா' எழுத்துடன் வருகிறது என்றும், அதுவே பொருத்தமானது என்றும் இப்னு ஹஜர் தம் விரிவுரையில் குறிப்பிடுகிறார். அப்படி ஓதினால், நையும்வரை அணிந்து பின் வேறொன்றால் மாற்றிக்கொள்வாயாக என்று பொருள்படும். ஓரெழுத்து வேறுபாட்டில் நம் வினாவுக்கான வரிசையே வந்துவிடுகிறது: முதலில் நைவது, பிறகுதான் மாற்றுவது. நாமோ நையும் முன்பே மாற்றுகிறோம். இல்லையெனில், நைந்ததற்காகப் பிள்ளையை அடிக்கிறோம்.

ஆம், அடிக்கிறோம். அஸருக்குப் பின் மதரஸா முற்றத்தில் பிள்ளைகள் ஓடும்போது, சுவரோரம் ஒட்டி நிற்கும் ஒன்றிரண்டு பேரை எப்போதும் காண்கிறோம். கேட்டால், "சட்டை கிழிந்தால் உம்மா அடிப்பாங்க, உஸ்தாத்" என்கிறார்கள். ஒரு துண்டுத் துணியைக் காப்பாற்ற ஒரு குழந்தையின் மாலைப் பொழுதைப் பறித்துவிட்டு, அதற்கு ஒழுக்கம் என்று பெயரிடுகிறோம். மண் நஜீஸ் அல்ல. தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே நபியவர்கள் தொழுதிருக்கிறார்கள்.

"அல்லாஹ் தான் வழங்கிய அருளின் அடையாளத்தை அடியானிடம் காண விரும்புகிறான் என்று ஹதீஸ் இல்லையா?" என்று ஒரு சகோதரர் எம்மிடம் வாதிட்டார். இருக்கிறது. வசதி படைத்த ஒருவர் பரட்டைக் கோலத்தில் வந்து நின்றபோது அவரிடமும் அக்கருத்தே சொல்லப்பட்டது. துவைத்து, தைத்து, மடித்து வைத்த விளையாட்டு உடுப்புக்கும் பரட்டைக் கோலத்துக்கும் என்ன உறவு? அருளின் அடையாளம் கடைப் பையில்தான் தெரியும் என்று எவர் சொன்னது?

"இருநூறு ரூபாய்ச் சட்டைக்கெல்லாம் வீண்விரயமா?" என்பது அடுத்த கேள்வி. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் (17:27) சொல்லும்போது விலைப்பட்டியல் எதையும் இணைக்கவில்லை. அந்தச் சட்டையின் விலை இருநூறு ரூபாயும் அல்ல. ஒரு பருத்திச் சட்டைக்குப் பயிர் தொடங்கி ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. நம் பிள்ளைகள் அணியும் பனியன் துணியில் பெரும்பகுதி திருப்பூரில் நெய்து சாயமேற்றப்படுகிறது. அங்கே நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாகி, உழவர்கள் அந்த நீரே வேண்டாம் என்று மன்றாடும் நிலைக்கு வந்தது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. மலிவான சட்டைக்கு நாம் கொடுக்காத மீதி விலையை எவரோ ஒருவரின் வயல் கொடுத்திருக்கிறது.

இதற்காகக் கஞ்சத்தனத்தை நாம் பரிந்துரைப்பதாக எவரும் எண்ண வேண்டாம். செலவில் வரம்பு மீறாமலும் கை இறுக்காமலும் நடுநிலையில் இருப்பதே அடியார்களின் பண்பு (25:67). அக்குளில் இறுக்கும் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது சிக்கனம் ஆகாது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியுமளவு துணியே நைந்துவிட்டால் ஒட்டு நிற்காது. தையல் ஓரத்திலேயே மீண்டும் கிழியும். அப்போது புதிது வாங்குவதே சரி. ஏழெட்டு வயதில் பிள்ளைக்கே கூச்சம் வந்துவிட்டால், அந்தக் கூச்சத்தையும் மதிக்க வேண்டும். ஒட்டுப் போட்டதை வீட்டுக்குள் அணியட்டும். நம் எதிர்ப்பு பெரியவர்களின் கூச்சத்தோடுதான்.

இனி அந்தப் பைக்கு வருவோம். ரமளான் நெருங்கும்போது மதரஸா வாசலில் வரிசையாக வைக்கப்படும் பைகளைப் பிரிப்பவர்கள் நாம். பொத்தான் இல்லாத சட்டை, பின்பக்கம் கிழிந்த கால்சட்டை, துவைக்காத பாவாடை. தன் பிள்ளைக்கு அவமானம் என்று கழற்றப்பட்டது பிறர் பிள்ளைக்கு ஸதகாவாகிவிடுமா? நீங்களே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கிக்கொள்ளாத மட்டமானதைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்ற கருத்து அல்பகரா அத்தியாயத்தில் (2:267) இருக்கிறது. விரும்புவதிலிருந்து கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்று மூன்றாம் அத்தியாயம் (3:92) அதற்கும் மேலே போகிறது. சென்ற ஆண்டு இப்படி வந்த ஒரு சட்டையை அணிந்து மக்தபுக்கு வந்த சிறுவனைப் பார்த்து, பக்கத்திலிருந்த பிள்ளை, "அது என் சட்டை, கிழிஞ்சதுன்னு உம்மா தூக்கிப் போட்டாங்க" என்றது. அது குழந்தை, அதன்மேல் குற்றமில்லை. அணிந்திருந்த சிறுவன் மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் நாம் அவன் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தோம்.

ஆகவே இவ்வாண்டு எம் மதரஸாவில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பைகளை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். உள்ளே வந்து, பிரித்துக் காட்டிக் கொடுங்கள். துவைத்து, தைத்து, உங்கள் பிள்ளையே நாளை அணியலாம் என்ற நிலையில் இருப்பதை மட்டும் பெற்றுக்கொள்வோம். மற்றதைத் திருப்பித் தருவோம். ஊசி, நூல், பொத்தான், இலாஸ்டிக் எல்லாம் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. வியாழன் அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து தைத்துக் கொடுக்க விரும்புவோர் வரலாம். வாப்பாமாரும் வரலாம்.