கழுவுவதும் வேலைதான்

வாகனப் பட்டறைகளில் வேலை முடிந்ததும் பெட்ரோலால் கை கழுவும் வழக்கம் நம் மலையிலும் அடிவாரத்திலும் மிகச் சாதாரணமானது. ஒரு குவளையில் சிறிது பெட்ரோலோ டீசலோ எடுத்து முழங்கைவரை தேய்ப்பார்கள். பின்னர்த் துணி துவைக்கும் சோப்புத்தூளையும் மரத்தூளையும் சேர்த்து அழுத்தித் தேய்த்துத் தண்ணீரில் அலம்புவார்கள். இரண்டே நிமிடத்தில் கிரீஸ் போய்விடும். கை வெளுத்துவிட்டது என்ற நிறைவோடு தொழிலாளி வீடு திரும்புவார். அதே கைகள் சில ஆண்டுகளில் வறண்டு, வெடித்து, அரித்து, ஸ்பேனரைப் பிடிக்க இயலாத நிலையில் மருத்துவரிடம் வருவதுண்டு. வருபவர் கிரீஸைக் குறை கூறுவார். ஆனால் குற்றம் கிரீஸின்மீது மட்டும் இல்லை. அதை அகற்றிய முறையின்மீதும் இருக்கிறது.

இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது ஒன்றே. உடலில் படிந்த எண்ணெயையும் கரியையும் கழுவுவதை, வேலை முடிந்தபின் அவரவர் பாடு என்று விட்டுவிடலாகாது. அது வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு வேண்டிய நேரத்தையும் வெந்நீரையும் எண்ணெயையும் வேலை கொடுப்பவர் அளிக்க வேண்டும். வீட்டில் இருப்போரும் கையின் கருமையைப் பார்க்கும் பார்வையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும் வண்டிகளின் கிளட்சும் இறங்கும் வண்டிகளின் பிரேக்கும் இச்சாலையில் விரைவாகத் தேய்கின்றன. ஆதலால் மலைமேலும் அடிவாரத்திலும் பழுதுபார்ப்போருக்கு ஓய்வில்லை. சேர்வராயன் மலையின் தோட்டங்களிலோ கார்த்திகை தொடங்கித் தை வரை காபிப் பழம் பறிக்கும் காலம். பழத்தோல் உரிக்கும் இயந்திரங்களை இயக்குவோருக்குக் கையெல்லாம் கிரீஸும் பழப்பிசினும். பறிப்போரின் விரல்களிலோ சாறும் மரப்பாசியும் சேர்ந்து கறுத்த கறை. இந்த மாதங்களே மலையில் கடுங்குளிர் வீசும் மாதங்களும் ஆகும்.

குளிர்ந்த நீரில் கிரீஸ் இறுகிவிடும். சோப்பும் சரியாகக் கரையாது. மார்கழி மாலையில் குழாய் நீரில் கை வைக்கவே உடல் கூசும். அந்நிலையில் நொடியில் கிரீஸைக் கரைக்கும் பெட்ரோல் பக்கத்திலேயே இருந்தால், களைத்த மனிதன் அதைத்தான் எடுப்பான். கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறை வந்து சேர்கிறது. ஆகவே இதனை அறியாமையால் மட்டும் வந்த பழக்கம் என்று கூறிவிட முடியாது. குளிரும் அவசரமும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்து கற்பித்த பழக்கம் இது. தொழிலாளிக்கு அறிவுரை மட்டும் கூறி இதை மாற்ற இயலாது என்று நான் எண்ணுவதற்கும் அதுவே காரணம்.

பெட்ரோல் தோலுக்கு என்ன செய்கிறது? நம் தோலின் மேலடுக்கு செங்கற்சுவர் போன்றது. உலர்ந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. இந்தச் சாந்துதான் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலிருக்கும் நஞ்சும் கிருமியும் உட்புகாமலும் காக்கிறது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர் ஆகியவற்றுக்குக் கிரீஸ் எது, தோலின் கொழுப்பு எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். அடுத்து வரும் சோப்புத்தூள் மேலும் ஒரு கேடு செய்கிறது. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சோப்புக்கு அது 9 முதல் 10 வரை இருக்கும். சலவைச் சோடாக் கரைசலுக்கு 11 அளவை எட்டும். காரம் அரித்த தோலை மரத்தூளும் மணலும் கீறுகின்றன. துடைக்கும் பனியன் வேஸ்ட் ஏற்கெனவே பயன்படுத்தியதாக இருந்தால், அதில் ஒட்டியுள்ள இரும்புத் துகளும் தன் பங்குக்குக் கீறும். கீறல் வழியே மறுநாள் கிரீஸ் முன்னைவிட ஆழமாக இறங்கும். அதை எடுக்க இன்னும் கடுமையாகத் தேய்க்க வேண்டியிருக்கும். இந்தச் சுழலின் முடிவுதான் கைப்படை என்று நாம் கூறும் தோல் அழற்சி.

வேறு தீங்குகளும் உண்டு. பெட்ரோலில் சிறிதளவு பென்சீன் கலந்துள்ளது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியவற்றுள் அதுவும் ஒன்று. அது மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலில் சேரும். மேலும், பெட்ரோலால் துடைத்த கையோடு பீடி பற்றவைத்தாலோ அடுப்பருகே சென்றாலோ நேரக்கூடியதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கழுவாமலே விட்டுவிடலாமா? கூடாது. 1775ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வோருக்கு வரும் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு, தோல் மடிப்புகளில் தங்கும் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிய முன்னோடிப் பதிவு அது. நூறாண்டுக்குப் பிறகும் இங்கிலாந்தில் அந்நோய் நீடித்தது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் அரிதாக இருந்தது. 1892இல் அதை ஆராய்ந்த ஹென்றி பட்லின் என்ற மருத்துவர், அந்நாடுகளின் தொழிலாளர்கள் உடலை மூடும் ஆடை அணிந்ததையும், நாள்தோறும் உடலைக் கழுவியதையும் சுட்டிக்காட்டினார். ஓடித் தேய்ந்த இன்ஜின் எண்ணெயிலும் அந்தப் புகைக்கரியில் உள்ள அதே இனத்துச் சேர்மங்கள் சேர்கின்றன. எனவே அன்றாடம் கழுவத்தான் வேண்டும். ஆனால் தோலைக் காயப்படுத்தாமல் கழுவ வேண்டும்.

முள்ளை முள்ளால் எடுப்பது போல, எண்ணெயை எண்ணெயால் எடுக்கலாம். முதலில் தூய உலர்ந்த துணியால் கிரீஸை வழித்துவிடுங்கள். கை நனையும் முன்பே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயை ஊற்றி, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு ஆகிய இடங்களில் இரண்டு நிமிடம் மெல்லத் தேயுங்கள். சொரசொரப்பு வேண்டுமெனில் ஒரு சிட்டிகை சர்க்கரையைச் சேர்க்கலாம். அது கரைந்துவிடும் பொருள். கிரீஸ் இளகி எண்ணெயோடு கலந்ததும் மீண்டும் துணியால் துடையுங்கள். அதன்பின் வெதுவெதுப்பான நீரும் மென்மையான குளியல் சோப்பும் போதும். நகங்களுக்கு மென்மையான பிரஷ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, விரல்களுக்கு இடையே நன்கு உலரவிட்டு, சிறிது தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுங்கள். மோதிரத்தை வேலைக்கு முன்பே கழற்றிவிடுவது நல்லது. அதன் அடியில் தங்கும் சோப்பும் எண்ணெயும் புண்ணாக்கும். எண்ணெய் ஊறிய சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிவிட வேண்டும். அது உடலோடு ஒட்டியிருந்தால் தொடையிலும் முன்கையிலும் எண்ணெய்ப் பருக்கள் கிளம்பும். குழந்தையைத் தூக்கினால் அதன் மேனியிலும் அழுக்கு படும்.

தலைமுடிக்கும் இதே நெறிதான். வண்டியின் அடியில் படுத்து வேலை செய்வோர் தலையில் துணியோ தொப்பியோ கட்டிக்கொள்வது பாதி வேலையைக் குறைக்கும். கிரீஸ் பட்ட முடியில் முதலில் எண்ணெய் தேய்த்துச் சீவித் துடைத்து, பின் அரப்பு, சீயக்காய் அல்லது மென்மையான ஷாம்பு கொண்டு அலசலாம். சேலம் வட்டாரத்தில் எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத்தூள் புதிதன்று. உசிலை மரத்தின் இலைப்பொடி அது. மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றுவதும் துணி சோப்பால் தலை தேய்ப்பதும் அறவே கூடாதவை. தோல் வெடித்தோ புண்ணாகியோ இருந்தால் அரப்பையும் சீயக்காயையும் அவ்விடத்தில் தவிர்த்துவிடுங்கள்.

தோட்டத்தில் பணிபுரிவோருக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் தேய்க்கும் இம்முறை கிரீஸுக்கும் பழப்பிசினுக்கும் உரியது. பூச்சிமருந்தோ, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோ மேலே பட்டிருந்தால் எண்ணெய் தடவக்கூடாது. சில மருந்துகளை அது தோலுக்குள் இன்னும் எளிதாகக் கொண்டு செல்லும். உடனே ஆடையை மாற்றி, நிறைய தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுவதே முறை.

இனி, இதில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், போதுமான, தகுந்த கழுவும் வசதியை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவில் கூறியது. கனிம எண்ணெயால் வரும் பருக்களையும் தோல் அழற்சியையும், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் கழுவும் வசதியை வலியுறுத்துகிறது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம், இரசாயனங்களைக் கையாளுவோருக்குக் கழுவவும் குளிக்கவும் வசதி வேண்டும் என்றது. ஆனால் இருவரும் மூவரும் வேலை செய்யும் சாலையோரப் பட்டறைக்கு இச்சட்டங்களின் கை பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் முதலாளியின் மனம்தான் நிற்க வேண்டும்.

‘அத்தனைக்கும் நேரம் ஏது, வெந்நீர் ஏது?’ என்று பட்டறை உரிமையாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அவரும் பெரும்பாலும் அதே கிரீஸில் உழைத்து முன்னுக்கு வந்தவர். எனினும் கணக்கைச் சற்று நீட்டிப் பார்க்கட்டும். வேண்டியவை ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய், ஒரு சோப்பு, மூடியுள்ள பாத்திரத்தில் சூடேற்றிய ஒரு வாளி நீர், வேலை நேரத்துக்குள் பத்து நிமிடம். எண்ணெயால் துடைத்த பின் கழுவினால் தண்ணீரும் குறைவாகவே செலவாகும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கை வெடித்து ஒரு மாதம் வராமல் போனால் ஏற்படும் இழப்போடு இதை ஒப்பிட்டால், எது மலிவு என்பது விளங்கும். ‘முப்பது வருஷமாகப் பெட்ரோலில்தான் கழுவுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று மூத்த தொழிலாளி கூறலாம். கை கெட்டவர்கள் இத்தொழிலை விட்டே போய்விடுவதால், அவர்களை நாம் பட்டறையில் பார்ப்பதில்லை என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைப் பார்த்தே பக்கத்தில் நிற்கும் இளைஞனும் கை கழுவக் கற்றுக்கொள்கிறான்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அழுக்கு வேறு, கறை வேறு. மேற்கூறியவாறு கழுவிய பின்பும் உள்ளங்கை ரேகைகளிலும் நக ஓரத்திலும் மெல்லிய கருமை எஞ்சியிருக்கலாம். பெரும்பாலும் அது உலர்ந்த மேல்தோலில் ஊறிய கறை. அந்தத் தோல் சில வாரங்களில் தானே உதிர்ந்து புதுப்பிக்கப்படும். ஆனால் கலியாணப் பந்தியில் கையை நீட்டக் கூச்சப்பட்டும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் முன் கையை மறைத்துக்கொண்டும் வாழ்பவர், அந்தக் கடைசிக் கறையையும் போக்கவே பெட்ரோலையும் மணலையும் நாடுகிறார். காபி பறிக்கும் பெண்களின் விரல்களுக்கும் இது பொருந்தும். ‘இன்னும் கறுப்பு போகவில்லையே’ என்று வீட்டில் ஒருவர் கூறும் சொல், அடுத்த நாள் இன்னும் ஒரு முறை தோலை உரிக்கச் செய்யும். அதற்குப் பதிலாக மாலையில் ஒரு செம்பு வெந்நீரும் எண்ணெய்க் கிண்ணமும் எடுத்து வையுங்கள்.

அரிப்பு, வெடிப்பு, நீர் வடிதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். சிறு வெடிப்பும் அவர்களுக்குச் சீழ்ப்புண்ணாகக் கூடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் படைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை நோயை மறைக்குமேயன்றிக் காரணத்தைப் போக்கா. வரும்போது என்ன வேலை செய்கிறீர்கள், எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்பதைத் தயங்காமல் கூறுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் உடன் வருபவர் எடுத்துச் சொல்லலாம். பெட்ரோல் என்ற ஒரு சொல் தெரியாமல் போவதால், மருந்து மாறி மாறிக் கொடுத்தும் கை ஆறாமல் இருக்கக்கூடும்.

வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் மீண்டும் பூட்டும்வரை வேலை முடியவில்லை என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பூட்டிய கை தூய்மையாகி, உலர்ந்து, எண்ணெய் பூசப்படும்வரையும் வேலை முடியவில்லை என்று நாம் கொள்வோமாக.