ஆறடி நடைபாதை

மாண்டவனுக்கு ஆறடி நிலம் உறுதி என்பர். வாழ்பவன் நடந்து செல்ல ஆறடி உண்டா? சென்னை மாநகரின் சாலைகளைக் கண்டு நாம் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டுமென இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-இல் நெறி வகுத்தது. அது ஏறத்தாழ ஆறடி. 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும். 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை! ஏட்டில் எழுதியது வீதிக்கு வந்து சேரவில்லை.

நடைபாதை உள்ள இடத்திலேனும் நடக்க முடிகிறதா? மின்பெட்டி மறிக்கிறது, கார் குறுக்கே நிற்கிறது, மாளிகை வாசல்தோறும் கார் நுழைவதற்காகப் பாதை சரிந்து மீண்டும் ஏறுகிறது. சலித்த முதியவர் சாலையில் இறங்கினால், ஒதுங்கிப் போ என ஒலிப்பான் அலறுகிறது. கடப்பதற்கோ நடைமேம்பாலம்! கார் நிற்கலாகாது, கிழவி படியேற வேண்டும்! யாருடைய நேரம் உயர்ந்தது என்று எடுக்கப்பட்ட முடிவு இது. முடிவென்றால் அது அரசியல். அரசியலென்றால் அதை மாற்றவும் முடியும்.

2021 மே திங்கள் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அரிய உரிமை, ஐயமில்லை. ஆனால், பயணம் பேருந்தின் படியிலா தொடங்குகிறது? வீட்டுப் படியிலன்றோ தொடங்குகிறது! 2024 முதல் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. சக்கர நாற்காலி நிறுத்தம்வரை உருண்டுவர வழியில்லையேல், தளம் தாழ்ந்து பயனென்ன?

சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்பாருண்டு. அகலமான சாலையை மேலும் கார்கள் வந்து நிறைக்கும், வேகமும் கூடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் பெரும்பாலோர் பிழைப்பர். வேகம் ஏற ஏறப் பிழைப்போர் தொகை சரியும்.

தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் வண்டிகளின் இடத்தைக் குறைத்து நடைபாதையை விரித்தனர். கடைகள் மூடப்பட்டனவா? இல்லை, மக்கள் குடும்பத்தோடு உலவுகின்றனர். பாண்டி பஜாருக்கு முடிந்தது வியாசர்பாடிக்கு ஏன் முடியாது?

தோழர்களே! அளவு நாடாவுடன் உங்கள் வட்டத்தில் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை, பள்ளிவரை நடந்து பாருங்கள். ஆறடி குறையும் இடமெல்லாம் குறியுங்கள். மாமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும், நம்மவரேயாயினும், கணக்குக் கேளுங்கள். செத்தபின் கிடைக்கும் ஆறடியைக் கேட்டுப் பெறத் தேவையில்லை. வாழும்போது வேண்டிய ஆறடியைக் கேட்டுத்தான் பெற வேண்டும்!