தாயின் எழுதுகோலுக்கும் ஒரு நேரம் வேண்டும்



வெள்ளிக்கிழமைதோறும் மிம்பரில் ஏறி நாம் பேசுகிறோம். நம் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இல்லத்தில் தாய் பேசும் பேச்சோ, பிள்ளை கண்விழிக்கும் நேரம் முதல் கண்ணயரும் நேரம்வரை தொடர்கிறது. "பிஸ்மி சொல்லிச் சாப்பிடு", "வலக்கையால் வாங்கு", "பொய் சொன்னால் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று அவள் சொல்லும் சிறு சொற்களின் மீதுதான் மார்க்கம் என்னும் மாளிகை பிள்ளையின் உள்ளத்தில் எழுகிறது. ஆகவே, குடும்பங்களுக்கென்று மார்க்க நூல்களை எழுதத் தகுதியுடையோர் யார் என்று கேட்டால், கற்றறிந்த தாய்மார்களையும் ஆலிம்களோடு சேர்த்தே எண்ண வேண்டும். சில பொருள்களில் அவர்கள் ஆலிம்களாகிய நமக்கும் முந்தியவர்கள்.

ஆயினும் அத்தகைய நூல்கள் நம்மிடையே மிகக் குறைவு. காரணம் அறிவுப் பஞ்சமன்று, நேரப் பஞ்சம். பகலில் பணி, மாலையில் பிள்ளைகள், இரவில் அடுப்படி. இவற்றுக்கிடையே எழுத்தையும் எப்படிச் சமன் செய்வது என்ற கேள்வி அத்தாயின் தலைமீது மட்டும் சுமத்தப்படுகிறது. அக்கேள்வி உண்மையில் அவளுக்கு மட்டும் உரியதா? இதனை இன்று சிந்திப்போம். அதற்குமுன் நம்முடைய பிழையொன்றை ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அந்நாளில் நாம் இமாமாகப் பணியாற்றிய ஊரில், ஜும்ஆவுக்குப் பின்னர் ஓர் இளைஞர் தம் மனைவியுடன் நம் இல்லத்திற்கு வந்தார். அப்பெண்மணி பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று பிள்ளைகளின் தாய். கடைசிப் பிள்ளை இடுப்பில் இருந்தது. நோட்டுப் புத்தகம் ஒன்றை நம் துணைவியார் வழியாக நம்மிடம் சேர்ப்பித்தார். சிறுவர் சிறுமியருக்கான மார்க்க நூலொன்றின் கைப்பிரதி அது; நாற்பது பக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. முதற்பக்கத்தில் ஒரு பிள்ளையின் கேள்வி: "உம்மா, நாம் எல்லாரும் தூங்கிய பிறகு அல்லாஹ்வும் தூங்குவானா?" அதற்கு விடையாக ஆயத்துல் குர்ஸியின் கருத்தை, ஐந்து வயதுக் குழந்தைக்கு விளங்கும் சொற்களில் அவர் எழுதியிருந்தார்.

நாம் பல்லாண்டுகள் அகீதா பாடம் நடத்தியவர்கள். இறைவனின் பண்புகள் இத்தனை என்று எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குவோம். ஒரு குழந்தையின் இராப் பொழுது அச்சத்திலிருந்து தொடங்கலாம் என்று நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வியப்புடன் படித்துக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "ஹஜ்ரத், பள்ளிக்கூட வேலைக்கும் போகிறாள், பிள்ளைகளையும் பார்க்கிறாள், இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து இதையும் எழுதுகிறாள். உடம்பு கெட்டுவிடும். தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்."

அவர் பேச்சில் அக்கறைதான் இருந்தது. நாமும் அக்கறையோடுதான் சொன்னோம்: "பிள்ளைகள் பெரியவர்களாகட்டும், சகோதரி. அதன்பிறகு ஆற அமர எழுதலாம்." அவரும் "சரி ஹஜ்ரத்" என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அக்குடும்பத்தாரை மீண்டும் கண்டோம். நூல் என்னவாயிற்று என்று விசாரித்தோம். அப்பெண்மணி சொன்ன விடை இதுதான்: "பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், ஹஜ்ரத். இப்போது நேரம் இருக்கிறது. ஆனால் அப்படிக் கேள்வி கேட்க வீட்டில் பிள்ளை இல்லை. எழுதி வைத்தது அந்த நாற்பது பக்கம்தான். மற்றதெல்லாம் மறந்துவிட்டது."

குறையாக அவர் சொல்லவில்லை. எனினும் அச்சொல் நம் நெஞ்சைத் தைத்தது. இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பது தீது என்று அன்று கண்டோம், அது சரியே. ஆனால் அவர் ஏன் இரவு இரண்டு மணிக்கு எழுத நேர்ந்தது என்று கேட்கத் தவறினோம். "தம்பி, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இந்தக் குழந்தையைத் தாங்கள் வைத்துக்கொள்ள முடியாதா?" என்று அக்கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

தாய்மைக் காலம் எழுத்துக்குத் தடை என்று நாம் எண்ணினோம். குடும்பங்களுக்கான மார்க்க நூலைப் பொறுத்தவரை அக்காலமே அதன் ஊற்று. ஊற்று வற்றிய பிறகு வாளியைக் கொடுத்துப் பயனென்ன?

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வாழ்வை நோக்குங்கள். கணவரை இழந்து, பிள்ளைகளோடு நின்ற நிலையில் அவர்களை மணமுடிக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பியபோது, தமக்குப் பிள்ளைகள் உள்ளனரே என்று அன்னையார் தயங்கினார்கள். அப்பிள்ளைகளின் பொறுப்பைப் பெருமானாரே ஏற்றார்கள். அந்தத் தாயிடமிருந்து நமக்குக் கிடைத்த நபிமொழிகள் 378 என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். பெண்களைப் பற்றித் திருமறையில் ஏன் தனித்துக் கூறப்படவில்லை என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையாகவே, ஆண்களையும் பெண்களையும் இணையிணையாகப் போற்றும் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் இறங்கியது என்பதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பிஸ்மி சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலிருப்பதை எடுத்து உண்ண வேண்டும் என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அந்தப் பாடத்தை நமக்கு அறிவித்தவர் யார்? அதே உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன், பெருமானாரின் மடியில் வளர்ந்த உமர் (ரலி) அவர்கள்தாம். பிள்ளைகள் நிறைந்த ஓர் இல்லத்தின் உணவுத் தட்டிலிருந்து பிறந்த பாடம் அது!

தாய்மார்களின் சூழ்நிலைக்கு நேரத்தை இசைவாக்குவது பெருமானார் காட்டிய வழியுமாகும். தொழுகையை நீட்டித் தொழவைக்க எண்ணி நிற்கையில், பின்னே ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். "குழந்தை வளர்ந்தபின் பள்ளிக்கு வா" என்று அத்தாயிடம் அவர்கள் சொல்லவில்லை. ஒரு தாய்க்காக ஜமாஅத் முழுவதும் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. பெண்கள் வந்து, தங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு வேண்டியபோதும், நாள் குறித்து அவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு தாய்க்காகத் தொழுகையே சுருங்கியிருக்க, நம் வீட்டு இரவு உணவு சற்றே எளிமையாகக் கூடாதா?

"பழங்காலத்துப் புனிதர்கள் வேறு, நாம் வேறு" என்போருக்குப் பிற்காலச் சான்றுகளும் உள. டமாஸ்கஸைச் சேர்ந்த ஆயிஷா அல்-பாஊனிய்யா (ரஹ்) என்ற பேரறிஞர் 1513-இல் தம் மகனுடன் கெய்ரோவுக்குப் பயணம் செய்தார். வழியில் கொள்ளையர் தாக்கி, அவர் எழுதிய நூல்களையும் பறித்துச் சென்றனர். அந்தத் தாய் மனமுடைந்து எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை; கெய்ரோவில் கற்றார், கற்பித்தார், மீண்டும் எழுதினார். 1517-இல் அவர் மறைந்தபோது எழுத்துகள் அவருக்குப் பின்னும் வாழ்ந்தன.

ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் வட பகுதியில், 1793-இல் பிறந்த நானா அஸ்மா (ரஹ்) அவர்களின் வரலாறு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சீர்திருத்தப் பேரறிஞர் உஸ்மான் தான் ஃபோதியோ (ரஹ்) அவர்களின் மகள், வஸீரின் மனைவி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய், பெரிய குடும்பத்தின் தலைவி. இத்தனைக்குமிடையே அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா ஆகிய மொழிகளில் நாற்பதாண்டுகளுக்கு மேல் எழுதினார். 1864-இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற படைப்புகளுள் அறுபதுக்கு மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. பிள்ளைப் பராமரிப்பினால் வீட்டைவிட்டு நெடுந்தூரம் வர இயலாத பெண்களுக்காக, 'ஜாஜி' எனப்படும் ஆசிரியைகளைப் பயிற்றுவித்து ஊர்தோறும் அனுப்பினார். அவர்கள் நினைவில் வைத்துச் சொல்வதற்கு எளிதாகவே மார்க்கச் சட்டங்களைப் பாடல்களாக யாத்தார்.

இத்தனையும் அவருக்கு எப்படி இயன்றது? அவர் தந்தை, மனைவியரையும் மகள்களையும் கல்லாதவர்களாக விட்டுவைக்கும் ஆண்களை வன்மையாகக் கண்டித்து எழுதியவர். அண்ணன் முஹம்மது பெல்லோ தம் எழுத்துப் பணியில் தங்கையைத் துணையாகக் கொண்டவர். கணவர் கிதாதோ தாமும் நூலாசிரியர். ஒரு வீடு முழுவதும் அப்பெண்மணியின் எழுதுகோலுக்குப் பின்னே நின்றது என்பதை மறந்துவிட்டு, அவரை மட்டும் புகழ்வதில் நீதியில்லை.

நம் தமிழகத்திலும் இதற்கு வேர் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய நூல்களை நம் பாட்டிமார் வீட்டிலிருந்தபடியே ஓதி மார்க்கம் கற்றனர். நாகூரில் 1917-இல் பிறந்து, மூன்றாம் வகுப்பே படித்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் வெளியிட்ட 'காதலா கடமையா' நாவலுக்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். 'இஸ்லாமும் பெண்களும்' என்னும் நூலையும் அவர் எழுதினார். நூலை வாசித்த கைகளுக்கு நூலை எழுதவும் தெரியும் என்பதை அவர் காட்டிச் சென்றார்.

எனவே, இன்று நாம் செய்ய வேண்டியது என்ன?

கணவன்மார்களே! எழுதும் மனைவிக்கு நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தை அளியுங்கள். சுப்ஹுக்குப் பின்னோ, மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலோ, அந்நேரத்தில் பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அவள் ஈட்டும் ஊதியம் அவளுக்கே உரியது என்பது திருமறையின் தீர்ப்பு. அதிலிருந்து வீட்டு வேலைக்கு ஓர் உதவியாளரை அவள் அமர்த்திக்கொண்டால் முகம் சுளிக்காதீர்கள்.

மாமியார்களே! மருமகள் நோட்டும் கையுமாக அமர்ந்திருப்பதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். நீங்கள் பேரனை மடியில் வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், உங்களுக்கும் அந்நூலின் நன்மையில் பங்குண்டு என்று நம்புங்கள்.

ஆலிம்களே! பெண்மணி ஒருவர் கைப்பிரதி அனுப்பினால் மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். மஸ்அலாவைச் சரிபாருங்கள்; பலவீனமான அறிவிப்பைச் சுட்டிக்காட்டுங்கள்; திருத்தித் திருப்பியனுப்புங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்துகள் அச்சுச் செலவில் தோள் கொடுத்தால், சிறு நூல்கள் எளிய விலையில் வீடுகளைச் சென்றடையும்.

எழுதும் சகோதரிகளே! உங்களிடமும் சில சொற்கள். பால்குடிக்கும் பிள்ளையின் உரிமை முழுமையான உரிமை. அதில் எழுத்து கைவைக்கலாகாது. உறக்கத்தைத் திருடி எழுதாதீர்கள். உடலுக்கும் உங்கள்மீது உரிமையுண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மனக்குறையின்றி நோட்டை மூடிவிடுங்கள். அன்று அப்பிள்ளையின் அருகிலிருப்பதே வணக்கம். ஆனால் ஒரு வேண்டுகோள்: பிள்ளை கேட்ட கேள்வியை அன்றே இரண்டு வரியில் குறித்துவையுங்கள். தாளிலோ கைப்பேசியிலோ எதிலாயினும் சரி. விடையைப் பின்னர் ஆலிம்களிடம் கேட்டும், கிதாபுகளைப் பார்த்தும் எழுதிக்கொள்ளலாம். மறந்துபோன கேள்வியை எந்தக் கிதாபிலும் தேட முடியாது. பிள்ளையை மகிழ்விப்பதற்காக ஆதாரமற்ற கதைகளைச் சேர்க்கவும் வேண்டாம்.

அந்த நாற்பது பக்கங்களை அப்பெண்மணியிடம் கேட்டு வாங்கி, இப்போது சரிபார்த்து வருகிறோம். இன்ஷா அல்லாஹ், அவை சிறு நூலாக அவர் பெயரிலேயே வெளிவரும். ஆனால் எழுதப்படாமல் போன பக்கங்களை நம்மால் திருப்பித் தர இயலாது. அவற்றுக்காக இறைவனிடம் பிழைபொறுக்க வேண்டுகிறோம்.

இன்று எத்தனையோ இல்லங்களில் அத்தகைய நோட்டுகள் தலையணைக்கு அடியில் இருக்கக்கூடும். இவ்வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடித்து வீடு திரும்பும் ஆண்கள், பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ போய் எழுது" என்று சொல்வார்களாக! அந்த ஒரு சொல்லுக்கும் வல்ல இறைவன் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.